ஜப்பானில் பொம்மை பாப்-அப் கடைக்குப் போவது எப்படி? முதல்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

ஒரு பொம்மைத் தொடரின் பெயரில், இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டும், ஏதாவது ஒரு வணிக வளாகத்தின் மூலையில் கடை விரிப்பது ஜப்பானில் சாதாரணம். இதைத்தான் பாப்-அப் கடை என்கிறார்கள். அந்தக் கடைக்கென்றே புதிதாக வரைந்த படங்களோடு சாவிக்கொத்து, பேட்ஜ், கைக்குட்டை, பிளாஸ்டிக் ஃபைல் என்று பொருள்கள் வரும். கெடு முடிந்ததும் கடையைக் கலைத்துவிடுவார்கள். அடுத்த முறை அதே தொடருக்குக் கடை போட்டாலும் படங்கள் வேறாகத்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்த சில்வேனியன் ஃபேமிலிஸ் தொடரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். டோக்கியோவின் எபோக் நிறுவனம் 1985இல் தொடங்கிய தொடர் இது. முயல், பூனை, அணில் என்று குடும்பம் குடும்பமாக வரும் சின்னஞ்சிறு உருவங்கள், உடலெங்கும் மெல்லிய பூமயிர், தைத்துப் போட்ட உண்மையான துணி உடுப்பு. குழந்தைகளுக்காக வந்த பொம்மைதான் என்றாலும் இன்று ஜப்பானில் அதன் கடைகளுக்கு வரும் கூட்டத்தில் பெரியவர்களும் நிறையப் பேர். டொமிகா பொம்மைக் கார்கள், தமகொச்சி என்ற கையடக்க மின்னணுச் செல்லப்பிராணி, குண்டம் ரோபோக்கள் என்று உங்களுக்குப் பிடித்தது எதுவானாலும் செய்முறை ஏறத்தாழ ஒன்றுதான்.

தொடங்குமுன் ஒன்று. இந்தக் கடைகளில் வெற்றியும் ஏமாற்றமும் பெரும்பாலும் வாசலுக்கு வருமுன்பே முடிவாகிவிடுகின்றன. அறிவிப்பை ஒழுங்காகப் படித்தவர் நிதானமாக வாங்கிக்கொண்டு போகிறார். படிக்காமல் வந்தவர் வாசலில் நின்று பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். ஆகவே அறிவிப்பைப் படிக்கும் படியில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறோம்.

படி 1: எங்கே நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஆங்கிலத்தில் தேடினால் பழைய கடைகளின் செய்திதான் அதிகம் கிடைக்கும். தொடரின் ஜப்பானியப் பெயரை மொழிபெயர்ப்புச் செயலியில் எடுத்து, அதோடு 'பாப்-அப் கடை' என்பதற்கான ஜப்பானிய எழுத்தையும் சேர்த்துத் தேடுங்கள். தொடரின் அதிகாரப்பூர்வ எக்ஸ் கணக்கைப் பின்தொடர்வது இன்னும் நல்லது. அறிவிப்பு, டோக்கன் நிலவரம், எது தீர்ந்துபோனது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரும்.

ஊர் தெரியாதவர் டோக்கியோ ரயில் நிலையத்திலிருந்து தொடங்கலாம். யாயெசு பக்கத்து நிலத்தடித் தளத்தில் 'டோக்கியோ கேரக்டர் ஸ்ட்ரீட்' என்ற கடைத்தெரு இருக்கிறது. டிக்கெட் வாயிலுக்கு வெளியே இருப்பதால் ரயில் டிக்கெட் இல்லாமலே போகலாம். டொமிகா கார்களுக்கும் பிளாரெய்ல் பொம்மை ரயில்களுக்கும் அங்கே நிரந்தரக் கடைகள் உண்டு. அந்தத் தெருவிலேயே 'இச்சிபான் பிளாசா' என்ற இடத்தில் கடைகள் மாறி மாறி வந்துபோகும். இகெபுகுரோ பகுதியின் சன்ஷைன் சிட்டி வளாகம், 2019இல் புதிதாகத் திறந்த ஷிபுயா பார்கோ வளாகம், லாஃப்ட் என்ற பல்பொருள் கடையின் கிளைகள், பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர்களின் மேல்தளக் கண்காட்சிக் கூடங்கள் ஆகியவையும் இத்தகைய கடைகள் அடிக்கடி வரும் இடங்கள்.

டோக்கியோவில் தேதி பொருந்தவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். பல கடைகள் டோக்கியோவில் தொடங்கி ஒசாகா, நகோயா, ஃபுகுவோகா என்று ஊர் ஊராகப் போகும். உங்கள் பயணத்தில் ஒசாகா இருந்தால் அந்த ஊர்த் தேதியையும் பாருங்கள். அங்கே கூட்டம் குறைவாக இருக்கவும் கூடும்.

படி 2: அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்

முக்கியமான விதிகள் பல நேரம் படத்துக்குள் பொடி எழுத்தில் இருக்கும். உலாவியின் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் அதைத் தொடாது. படத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, கைபேசியின் படமொழிபெயர்ப்பில் போடுங்கள். புரியாத வரியை இரண்டு செயலிகளில் போட்டு ஒப்பிடுங்கள்.

முதலில் தேதிகள். தொடக்க நாளும் அடுத்து வரும் வார இறுதியும் நெரிசலானவை. கடைசி நாளில், குறிப்பாக டிபார்ட்மெண்ட் ஸ்டோர் கண்காட்சிக் கூடங்களில், வழக்கத்தைவிட முன்னதாகவே கடையை மூடிவிடுவார்கள். 'இரவு 8 வரை' என்று மேலே பெரிதாகப் போட்டுவிட்டு, கடைசி நாளின் நேரத்தைக் கீழே தனிக் குறிப்பாகப் போட்டிருப்பார்கள். அந்தக் குறிப்பைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்தது நுழையும் முறை. இது நாளுக்கு நாள் மாறும். முதல் சில நாள்களுக்கு முன்பதிவுக் குலுக்கல், பிறகு காலையில் டோக்கன், அதன்பின் யாரும் வரலாம் என்ற வரிசை ஒரே கடைக்குள்ளேயே இருக்கலாம். நீங்கள் போகும் தேதிக்கு எந்த முறை என்பதைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வாங்கும் வரம்பு. 'ஒரு பொருளில் ஒருவருக்கு மூன்று' என்பது போன்ற விதிகள் சாதாரணம். இந்த வரம்பை நான் மனமார வரவேற்கிறேன். அது இல்லாவிட்டால் மறுவிற்பனைக்காரர்கள் பெட்டி பெட்டியாக அள்ளிச் சென்றுவிடுவார்கள்; மத்தியானம் குழந்தையோடு வரும் அம்மாவுக்கு எதுவும் மிஞ்சாது.

நான்காவது, இலவசப் பரிசு. குறிப்பிட்ட தொகைக்கு வாங்கினால் ஒரு ஸ்டிக்கரோ படஅட்டையோ தருவார்கள். கணக்கு ஒரே ரசீதுக்குத்தான். இரண்டு ரசீதுகளைக் கூட்டிக் காட்ட முடியாது. பரிசு தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். ஆகவே இரண்டு முறை கல்லாவுக்குப் போகாமல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குவது நல்லது.

படி 3: குலுக்கல், டோக்கன், வரிசை

குலுக்கல் என்றால் இணையத்தில் பெயர் கொடுத்து நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவு மின்னஞ்சலில் வரும். சில டிக்கெட் தளங்கள் ஜப்பானியக் கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஆளை உறுதி செய்கின்றன. அந்த எண் இல்லாத சுற்றுலாப் பயணிக்கு அது மூடிய கதவு. என் ஆலோசனை எளிது: குலுக்கல் நாள்களை விட்டுவிடுங்கள். முதல் வார இறுதி கழிந்து வரும் செவ்வாய், புதன் போன்ற நாள்களில் போங்கள். சில பொருள்கள் தீர்ந்திருக்கலாம். ஆனால் நின்று பார்க்க இடம் இருக்கும், கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். கடைசி வாரம்வரை தள்ளிப்போட வேண்டாம்.

டோக்கனை ஜப்பானியர் 'செய்ரிகென்' என்பார்கள். வளாகம் திறக்குமுன் எந்த வாசலில் கொடுக்கிறார்கள் என்பது அறிவிப்பில் இருக்கும். பெரிய வளாகங்களுக்கு வாசல்கள் பல. தவறான வாசலில் முதல் ஆளாக நின்று பயனில்லை. டோக்கனில் எண்ணும் வர வேண்டிய நேரமும் அச்சிட்டிருக்கும். அந்த நேரம்வரை ஊர் சுற்றலாம், நேரம் தவறினால் நுழைவு போய்விடும். சில இடங்களில் காகிதத்துக்குப் பதில் க்யூஆர் குறியீடு கொடுத்து, முறை வந்ததும் கைபேசிக்குச் சொல்வார்கள். மின்கலம் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசை நீளமாக இருந்தால் அதன் கடைசியில் ஒரு பலகை தெரியும். 'சாய்கோபி', அதாவது வரிசையின் வால் இங்கே என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஊழியர் பிடித்திருப்பார். சில இடங்களில் கடைசியாக நிற்பவரே பிடித்திருப்பார், அடுத்து நீங்கள் வந்தால் உங்கள் கைக்கு மாறும். வரிசை நடைபாதையைக் கடக்கும் இடத்தில் இடைவெளி விட்டு இரண்டாக உடைத்திருப்பார்கள். அந்த இடைவெளியைப் பார்த்து வரிசை அங்கேயே முடிந்தது என்று நின்றுவிடாதீர்கள். நண்பருக்கு இடம் பிடித்துவைப்பது, நடுவில் போய்ச் சேர்ந்துகொள்வது இரண்டும் அங்கே பெரிய அநாகரிகம்.

படி 4: பட்டியலும் பணமும்

பொருள்களின் பட்டியல் விலையோடு முன்கூட்டியே வெளிவரும். அதைப் பார்த்து, போவதற்கு முந்தின இரவே மூன்று வரிசையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கட்டாயம் வேண்டியது, இருந்தால் வேண்டியது, பார்த்தபின் முடிவு செய்வது. எந்தப் பொம்மைக் கடையிலும் கிடைக்கும் பொம்மைகளும் பாப்-அப் கடையில் அடுக்கியிருக்கும். சில்வேனியன் வீடுகளும் குடும்பத் தொகுப்புகளும் பெரிய பொம்மைக் கடைகளில் எப்போதும் இருக்கும். இங்கே பணத்தை இந்தக் கடைக்கென்றே வந்த பொருள்களில் போடுங்கள்.

2021 ஏப்ரல் முதல் ஜப்பானில் கடைகள் விற்பனை வரியைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும். வரி 10 சதவீதம். சில விலை அட்டைகளில் வரியில்லா விலையைப் பெரிதாகவும் முழு விலையைச் சிறிதாகவும் போடுவதுண்டு. கணக்குக்கு முழு விலையையே எடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வரிவிலக்கு உண்டு என்றாலும் தற்காலிகக் கடைகள் பலவற்றில் அது கிடையாது. வரிவிலக்கு உள்ள கடையிலும் ஒரே நாளில் ஒரே கடையில் வரி நீங்கலாக 5,000 யென்னாவது வாங்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முழு விலையும் கொடுத்துவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கச் சோதனைக்குப் பின் வரியைத் திரும்பப் பெறும் முறை நடைமுறைக்கு வருகிறது.

கார்டு வாங்குவார்களா என்பதையும் அறிவிப்பில் பாருங்கள். கொஞ்சம் ரொக்கம் இருப்பது நிம்மதி. கேப்ஸ்யூல் பொம்மை இயந்திரம் வைத்திருந்தால் 100 யென் நாணயங்கள் வேண்டியிருக்கும்.

பெரிய பெட்டியோடு போகாதீர்கள். கடைக்குள் இரண்டு பேர் விலகிப் போகவே இடம் இருக்காது. ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு, ஒரு துணிப்பையும், வாங்கியதை நடுவே வைத்துக் கட்ட இரண்டு காகித அட்டைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலை முதல் ஜப்பானெங்கும் காசு.

படி 5: கடைக்குள்

முதலில் ஒரு சுற்று முழுதாகப் பார்த்து வாருங்கள். மாதிரிப் பொருளை மட்டும் பார்வைக்கு வைத்து, சரக்கை உள்ளே வைத்திருக்கும் கடைகள் உண்டு. அங்கே ஒரு சீட்டும் பென்சிலும் தருவார்கள். மாதிரியின் அருகே உள்ள எண்ணைச் சீட்டில் தேடி, எத்தனை வேண்டும் என்று கட்டத்தில் எழுதிக் கல்லாவில் கொடுத்தால் போதும். ஜப்பானிய மொழி தெரியாதவருக்கு இதைவிட வசதியான முறை கிடையாது; எண் மட்டும் பார்த்தால் போதும், பேச்சே வேண்டாம்.

பேட்ஜும் அக்ரிலிக் சாவிக்கொத்தும் பெரும்பாலும் உள்ளே எது என்று தெரியாத மூடிய உறைகளில்தான் வரும். எட்டு வகைப் படம் போட்டிருந்தால், சாக்லேட் நிறக் காது வைத்த முயல் பெண்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது. உறையை அழுத்தியோ குலுக்கியோ பார்க்கக் கூடாது. பிரித்தபின் பிடிக்கவில்லை என்று மாற்றியும் தர மாட்டார்கள். பொருளில் பழுது இருந்தால் மட்டும் மாற்றுவார்கள். நான் சொல்வது: இரண்டு உறைகள் எடுங்கள், வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள். முழுத் தொகுப்பும் சேரும்வரை வாங்குவேன் என்று இறங்கினால் கைக்குட்டைக்கும் பிளாஸ்டிக் ஃபைலுக்கும் காசு இருக்காது. கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கக்கூடிய அந்தப் பொருள்களில்தான் ஓவியரின் கை முழுதாகத் தெரியும்.

படம் எடுக்கலாமா என்பதற்கு வாசலிலேயே அடையாளம் இருக்கும். தடையென்றால் கைபேசியைப் பைக்குள் வையுங்கள். தனியாகப் பட மூலை இருந்தால் அங்கே சற்று நேரம் நின்று மற்றவர்களைப் பாருங்கள். பெரியவர்கள் கைப்பையிலிருந்து சிறு பெட்டி ஒன்றை எடுப்பார்கள். உள்ளே பஞ்சு மெத்தையில் ஒரு முயல் குட்டி இருக்கும். அதன் உடுப்பை விரல் நுனியால் நீவி, காதைச் சரிசெய்து, பின்னணிப் பலகைக்கு முன் நிற்க வைப்பார்கள். குட்டியின் கண்மட்டத்துக்குக் கைபேசியை இறக்கி இரண்டு படம் எடுத்துவிட்டு, அடுத்தவருக்குத் தலைவணங்கி விலகுவார்கள். உங்களிடமும் ஒரு சின்ன உருவம் இருந்தால் கொண்டுபோங்கள். மொழி தெரியாத ஊரில் பக்கத்தில் நிற்பவர் உங்களைப் பார்த்துச் சிரிக்க அது ஒன்றே போதும்.

படி 6: கல்லாவில்

பணத்தைக் கையில் நீட்டாமல் முன்னால் இருக்கும் சிறு தட்டில் வையுங்கள். ஊழியர் மீதி நோட்டுகளை உங்கள் கண்ணெதிரே எண்ணித் தருவார். பை வேண்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்றால் கையைச் சற்றே அசைத்து 'தய்ஜோபு தெஸ்' என்றால் புரிந்துகொள்வார். இலவசப் பரிசு தந்தாரா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பழுதான பொருளை மாற்ற அதுதான் சான்று.

உறைகளை உடனே பிரிக்கும் ஆசை வரும். கடைக்குள்ளும் வாசலிலும் பிரிக்காதீர்கள். மற்றவர்களோடு பேட்ஜ் மாற்றிக்கொள்வதையும் பல வளாகங்கள் தடை செய்திருக்கின்றன.

படி 7: கிடைக்காமல் போனால்

சில கடைகள் முடிந்தபின் மீதிப் பொருளை இணையத்தில் விற்பதுண்டு. பெரும்பாலும் ஜப்பானிய முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே நண்பர் இருந்தால் உதவி கேளுங்கள். இன்னொரு வழி பழைய பொம்மைக் கடைகள். நகானோ ரயில் நிலையத்துக்கு அருகே நகானோ பிராட்வே என்ற வளாகத்தில் பழைய பொருள் விற்கும் மந்தரகே நிறுவனத்தின் கடைகள் பல இருக்கின்றன. மூடிய உறையில் வந்த பேட்ஜுகள் இத்தகைய கடைகளுக்கும் வந்துசேரும். உறை பிரித்தவை என்பதால் வேண்டிய முகத்தைப் பார்த்தே எடுக்கலாம். அதிகம் பேர் விரும்பும் முகத்துக்கு விலை ஏறியிருக்கும். யாரும் தேடாத அணில் குட்டியோ முள்ளம்பன்றியோ உங்களுக்குப் பிடித்திருந்தால், கடை விலைக்கும் குறைவாகவே கிடைக்கலாம்.

அக்ரிலிக் பொருள்கள் எளிதில் கீறல் விழுபவை. மேலே ஒட்டிய மெல்லிய தாளை உரிக்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். பிளாஸ்டிக் ஃபைலை மடியாமல் பெட்டியின் அடியில் தட்டையாக வையுங்கள். பூமயிர் பொம்மைகளைத் துணிகளுக்கு நடுவே அழுத்தாமல், வாங்கிய பெட்டியிலேயே கைப்பையில் எடுத்து வாருங்கள். காது மடங்கினால் நிமிர்த்துவது கடினம்.