மைனர் லீக் பிட்சரை எடைபோடுவது எப்படி? பைரேட்ஸ் அணியை வைத்து ஒரு செய்முறை

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் மாதிரி அளந்து செலவு செய்யும் அமெரிக்க பேஸ்பால் அணிக்கு ரசிகராக இருந்தால், மேஜர் லீக் அணிகள் தங்கள் ஆட்டக்காரர்களை வளர்க்கும் மைனர் லீக்தான் நம் நம்பிக்கை. பெரிய சம்பளம் கொடுத்து வெளியிலிருந்து பிட்சரை (பந்து வீசுபவரை) கொண்டுவருவது அபூர்வம். உள்ளே வளர்த்தால்தான் உண்டு. அதனால் எந்தப் பையன் மேலே வருவான், யார் பாதியில் நின்றுவிடுவான் என்று நாமே பார்த்துச் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது. நிபுணர்களின் டாப் 30 பட்டியல்கள் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், காரணமும் நாலு வரிக்கு மேல் இருக்காது. சில சீசன்களாக நான் பின்பற்றிவரும் முறையை இங்கே எழுதுகிறேன். ஆட்டத்தின் விதிகள், ஸ்ட்ரைக் அவுட், வாக், இ.ஆர்.ஏ. எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மறந்தவர்களுக்கு மட்டும்: மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் வெளியேறுவது ஸ்ட்ரைக் அவுட், நான்கு தவறான பந்துகளால் அவர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது வாக், ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன் (ஃபீல்டர் பிழையால் வந்தவை சேராது) இ.ஆர்.ஏ.

படி 1: ஏணி

2021இல் மைனர் லீக்கை மாற்றியமைத்ததிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் முழு சீசன் ஆடும் கிளை அணிகள் நான்கு. பைரேட்ஸுக்குக் கீழிருந்து மேலாக பிராடென்டன் (சிங்கிள் ஏ), கிரீன்ஸ்பரோ (ஹை ஏ), ஆல்டூனா (டபுள் ஏ), இண்டியானாபொலிஸ் (ட்ரிபிள் ஏ). இவற்றுக்கும் கீழே ஃபுளோரிடா காம்ப்ளெக்ஸ் லீக்கும் டொமினிக்கன் சம்மர் லீக்கும் இருக்கின்றன. அந்த இரண்டின் எண்களையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. பதினேழு வயதுப் பையன்கள் ஒருவருக்கொருவர் வீசும் இடம் அது. வேகமாக வீசினாலே ஸ்ட்ரைக் அவுட் விழும்.

ஏணியில் பெரிய தாண்டல் ஹை ஏ-யிலிருந்து டபுள் ஏ-க்குப் போவதுதான். அங்கேதான் மோசமான பந்தைத் தொடாமல் விடத் தெரிந்த பேட்டர்கள் வரிசையாக வருவார்கள்.

படி 2: இ.ஆர்.ஏ. பத்தியை மறைத்துவிடுங்கள்

நிஜமாகவே மறைத்துவிடுங்கள். ஸ்ப்ரெட்ஷீட் எதுவாக இருந்தாலும் சரி, கூகுள் ஷீட்ஸே போதும். பெயர், வயது, எந்த நிலை, எத்தனை பேட்டர்களைச் சந்தித்தார், அதில் எத்தனை சதவீதம் ஸ்ட்ரைக் அவுட், எத்தனை சதவீதம் வாக், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இந்த ஏழு பத்திகள் மட்டும் போதும். எண்களை எடுக்க ஃபேன்கிராஃப்ஸ் இணையதளம்தான் என் தேர்வு. மைனர் லீக் பக்கத்தில் அணியையும் நிலையையும் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரே அட்டவணையில் வந்துவிடும். பேஸ்பால் ரெஃபரன்ஸில் ஒருவரின் முழு வரலாறு அழகாக இருக்கும், ஆனால் பலரை வரிசைப்படுத்திப் பார்க்க அது வசதிப்படாது.

ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஸ்ட்ரைக் அவுட் என்ற கணக்கை எடுக்காதீர்கள். நிறைய அடி வாங்குகிற பிட்சர் ஒரு இன்னிங்ஸில் அதிகம் பேட்டர்களைச் சந்திப்பார், அதனாலேயே அந்த எண் வீங்கிவிடும். சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதம் என்பதுதான் நேர்மையான கணக்கு. ஒருவர் 100 பேட்டர்களுக்கு வீசி 28 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி 9 பேருக்கு வாக் கொடுத்தார் என்றால் வித்தியாசம் 19. மேஜர் லீக் சராசரி 14ஐ ஒட்டியிருக்கும். மைனரில் 20ஐத் தாண்டினால் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிறேன். ஸ்ட்ரைக் அவுட் சதவீதம் ஏறக்குறைய 70 பேட்டர்களிலேயே ஒரு நிலைக்கு வந்துவிடும். வாக் சதவீதத்துக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். ஏப்ரல் மாத வாக் எண்களைப் பார்த்துப் பதற வேண்டாம்.

படி 3: எங்கே, எந்த வயதில் வீசினார்

பெரும்பாலானவர்கள் வழுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று போகலாம்.

கிரீன்ஸ்பரோ மைதானம் சிறியது. மற்ற ஊரில் அவுட்ஃபீல்டர் கையில் அடங்கும் பந்து அங்கே வேலியைத் தாண்டிவிடும். ஜாரெட் ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிராஃப்டின் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாவது சுற்றில் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்தவர். 2022 சீசன் முழுக்க கிரீன்ஸ்பரோவில் வீசினார். இ.ஆர்.ஏ. நாலரைக்கு மேல். அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பட்டியலிலிருந்தே நீக்கியிருப்போம். ஆனால் அதே சீசனில் 140க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் எடுத்திருந்தார். சீசனின் பெரும்பகுதியில் அவருக்கு வயது 20. அந்த நிலையின் சராசரி வயதை விட ஏறக்குறைய இரண்டு வயது சின்னவர், எதிரே நின்றவர்களில் பலர் கல்லூரி முடித்து வந்தவர்கள். 2024 மார்ச் 30 அன்று மயாமியில் பிட்ஸ்பர்க்குக்காக முதல் ஆட்டம் ஆடி 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். கிரீன்ஸ்பரோ எண்களிலேயே அதற்கான அறிகுறி இருந்தது. ஹோம் ரன்னை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சுழலுக்கு உதவும் ஆடுகளத்தில் எடுத்த விக்கெட்டையும் தட்டையான ஆடுகளத்தில் எடுத்த விக்கெட்டையும் கிரிக்கெட்டில் நாம் ஒன்றாக எண்ணுவதில்லையே, அதே பழக்கம்தான் இங்கேயும்.

வயதுக்கு நான் வைத்திருக்கும் எளிய அளவு இது: சிங்கிள் ஏ-யில் 20 அல்லது 21, ஹை ஏ-யில் 22, டபுள் ஏ-யில் 24. இதை விட ஒரு வயது குறைவாக இருந்து சராசரி எண்கள் வைத்திருந்தால் நல்லது. இரண்டு வயது அதிகமாக இருந்து பிரமாதமான எண்கள் வைத்திருந்தால் அடுத்த நிலைக்குப் போகும்வரை காத்திருங்கள். 24 வயதுக் கல்லூரிப் பிட்சர் சிங்கிள் ஏ-யில் எல்லோரையும் வீழ்த்துவது அவரைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லாது.

*பின்னர் சேர்த்தது:* அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ரசிகர் ஒருவர், தங்கள் டபுள் ஏ அணியின் 2023 எண்கள் முதல் பாதியில் ஒரு மாதிரியும் இரண்டாம் பாதியில் வேறு மாதிரியும் இருக்கின்றனவே என்று கேட்டிருந்தார். அந்த ஆண்டு அவர்களின் டபுள் ஏ அணி ஆடிய சதர்ன் லீக்கில் மட்டும் முதல் பாதியில் பிசுபிசுப்பு ஏற்றிய பந்தைச் சோதனைக்காகப் பயன்படுத்தினார்கள். பிடி நன்றாகக் கிடைத்ததால் ஸ்ட்ரைக் அவுட் ஏறியது, நடுவில் நிறுத்திவிட்டார்கள். எனவே சதர்ன் லீக் பிட்சர் என்றால் 2023ஐ இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஆல்டூனா ஈஸ்டர்ன் லீக்கில் ஆடுவதால் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதே போல ட்ரிபிள் ஏ-யில் பசிபிக் கோஸ்ட் லீக் என்றால் ஆல்புகர்க்கி, ரீனோ, சால்ட் லேக் போன்ற உயரமான ஊர்களில் பந்து நெடுந்தூரம் பறக்கும், வளைவும் குறையும். இண்டியானாபொலிஸ் இருக்கும் இன்டர்நேஷனல் லீக் அவ்வளவு மோசமில்லை.

படி 4: பந்தின் நடத்தை

எண்கள் சரியாக இருந்தும் ஏமாற்றலாம். இதற்கு மிட்ச் கெல்லரை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. மைனரில் கொண்டாடப்பட்டவர். 2019இல் மேலே வந்து 48 இன்னிங்ஸில் 65 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், ஆனால் இ.ஆர்.ஏ. 7.13. மைதானத்துக்குள் அடிக்கப்பட்ட பந்துகள் ஹிட்டாகும் விகிதம் வழக்கமாக 0.300 அளவில் இருக்கும், அவருக்கு 0.475. துரதிர்ஷ்டம்தான், அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்று எண்களை நம்பியவர்கள் சொன்னார்கள். 2021இல் அவரது இ.ஆர்.ஏ. 6.17. பிரச்சினை ஃபாஸ்ட்பாலில் இருந்தது. வேகம் இருந்தது, ஆனால் பேட்டர் எதிர்பார்த்த இடத்துக்கே பந்து வந்து சேர்ந்தது. 2022இல் கீழ்நோக்கி இறங்கும் சிங்கரும் அகலமாக விலகும் ஸ்வீப்பரும் சேர்ந்த பிறகுதான் அவர் வேறு ஆளானார். 2023இல் ஆல் ஸ்டார்.

ஆகவே ஃபாஸ்ட்பாலைத் தனியாகப் பாருங்கள். வேகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, சுழற்சியால் பந்து எத்தனை அங்குலம் விழாமல் மிதக்கிறது என்பதை. நேர் ஃபாஸ்ட்பாலுக்கு 16 அங்குலம் சராசரி, 18க்கு மேல் இருந்தால் பேட்டர் பந்துக்கு அடியில் சுழற்றுவார். பக்கவாட்டில் நகர்வதும் மிதப்பதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அது பேட்டரின் கண் பழகிய பாதை, 96 மைல் வேகத்திலும் அடி விழும். தாழ்வான கோணத்திலிருந்து வீசுகிறாரா, முன்னால் எவ்வளவு தூரம் வந்து பந்தை விடுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்வாக விட்டு உயரே போகும் பந்துக்கு 16 அங்குலமே போதும்.

இந்தத் தகவல் பேஸ்பால் சாவண்ட் இணையதளத்தின் மைனர் லீக் தேடல் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிலை, சீசன், பிட்சர் பெயர், பந்து வகை என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் எல்லா நிலைகளுக்கும் கிடைக்காது. பொதுவில் கிடைப்பது ட்ரிபிள் ஏ-யும் சிங்கிள் ஏ-யில் ஃபுளோரிடா ஸ்டேட் லீக்கும். அதாவது பைரேட்ஸ் பிட்சரை பிராடென்டனில் பார்க்கலாம், அப்புறம் இண்டியானாபொலிஸுக்கு வந்தால் பார்க்கலாம். நடுவில் கிரீன்ஸ்பரோவும் ஆல்டூனாவும் இருட்டு. அந்த இரண்டு இடத்திலும் நான் சாய்வது ஃபேன்கிராஃப்ஸில் கிடைக்கும் ஒரே ஒரு எண்ணின் மீது: வீசிய பந்துகளில் எத்தனை சதவீதத்துக்குப் பேட்டர் சுழற்றித் தவறவிட்டார். மேஜர் லீக்கில் 11 சதவீதத்தை ஒட்டி இருக்கும். டபுள் ஏ-யில் 13, 14 என்று நின்றால் பந்தில் ஏதோ விஷயம் இருக்கிறது. பிராடென்டனில் மிதப்பு நன்றாக இருந்து ஆல்டூனாவிலும் இந்த எண் இறங்காமல் இருந்தால், இண்டியானாபொலிஸ் வரும்வரை காத்திருக்காமல் அவரைப் பட்டியலின் மேலே ஏற்றிவிடுகிறேன்.

பந்தின் வேகம், நகர்வு எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கும் ஸ்டஃப் பிளஸ் போன்ற ஒற்றை மதிப்பெண்களை நம்பி உட்கார வேண்டாம் என்பது என் கருத்து. அவை நல்லவைதான், ஆனால் ஏன் நல்ல பந்து என்று சொல்லாது. ஆரம்பத்தில் அங்குலங்களைக் கையால் பார்த்துப் பழகினால் பிறகு மதிப்பெண்ணைப் படிக்கவும் வரும்.

வீடியோவும் பாருங்கள். ஆனால் சிறப்புத் தொகுப்பை அல்ல, ஒரு முழு ஆட்டத்தை. இரண்டு பந்து தவறிய பிறகு என்ன வீசுகிறார் என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

படி 5: மூன்றாவது பந்து

இரண்டு நல்ல பந்து வகை இருந்தால் ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து கொஞ்ச நேரம் வீசுபவர்) ஆகலாம். ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் வீசுபவர்) ஆக எதிர்க்கை பேட்டரை அடக்க மூன்றாவதாக ஒரு பந்து வேண்டும், பெரும்பாலும் ஃபாஸ்ட்பால் போலத் தெரிந்து மெதுவாக வரும் சேஞ்சப். வலது கைப் பிட்சரின் எண்களை இடது கை பேட்டர்களுக்கு எதிராக மட்டும் பிரித்துப் பாருங்கள். படி 2இன் வித்தியாசம் அங்கே பாதியாகிவிட்டால் மூன்றாவது பந்து இன்னும் வரவில்லை. பால் ஸ்கீன்ஸ் 2023 டிராஃப்டில் முதல் ஆளாக வந்தபோதே ஃபாஸ்ட்பாலும் ஸ்லைடரும் தயார். பைரேட்ஸுக்கு வந்த பிறகு சிங்கருக்கும், கடைசியில் சட்டென்று விழும் ஸ்ப்ளிட்டருக்கும் நடுவில் ஒரு பந்தைச் சேர்த்துக்கொண்டார். அதுதான் அவரை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. 2024இல் இண்டியானாபொலிஸில் 7 ஆட்டம், 27 இன்னிங்ஸ் சொச்சம், 45 ஸ்ட்ரைக் அவுட், 0.99 இ.ஆர்.ஏ.; மே 11 அன்று மேலே வந்துவிட்டார். அந்த ஏப்ரலில் மூன்று இன்னிங்ஸிலேயே அவரை வெளியே எடுத்தது அணி வேலைப்பளுவைக் கட்டுப்படுத்தியதால். குறைந்த இன்னிங்ஸைப் பார்த்து ரிலீவர் என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 6: கை

முழங்கைத் தசைநாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கிழிந்தால் செய்யும் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை 1974இல் முதன்முதலாக நடந்தது; இன்று திரும்பி வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட் 2018இல் டிராஃப்ட் ஆகி, இந்த அறுவையையும் தாண்டி, 2025இல்தான் மேஜர் லீக்கைத் தொட்டார். மேலே சொன்ன ஜாரெட் ஜோன்ஸும் 2025இல் முழங்கை அறுவைக்குப் போய்விட்டார். அடிபட்டவரைப் பட்டியலிலிருந்து தூக்காதீர்கள். திரும்பி வந்த முதல் சீசனில் வேகத்தை மட்டும் பாருங்கள், வாக் எண்களை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடுங்கள். பந்தை நினைத்த இடத்தில் போடும் உணர்வு வேகத்துக்குப் பிறகுதான் திரும்பும்.

இந்தியத் தொடர்பு பற்றிக் கேட்பவர்களுக்காக: 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியாக ரின்கு சிங், தினேஷ் படேல் என்ற ஈட்டி எறிபவர்கள் இருவரை ஒப்பந்தம் செய்ததும் இதே பைரேட்ஸ்தான். பேஸ்பாலே தெரியாமல் வந்து, ரின்கு சிங்கிள் ஏ வரை ஏறினார். இந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அவரை வைத்துத்தான் நான் முதலில் புரிந்துகொண்டேன்.

*மீண்டும் சேர்த்தது:* "எல்லாம் சரி, எப்போது மேலே கூப்பிடுவார்கள்?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்குத் திறமையை விட நாள்காட்டி முக்கியம். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவருக்கு ஐந்து சீசன், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு சீசன். அதற்குள் மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் எட்டாவதாக ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொருவருக்கும் அந்தக் கெடு எந்த ஆண்டு என்று எழுதிவையுங்கள். நவம்பரில் அணி யாரைப் பட்டியலில் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்பதை உங்கள் வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் பெயர்களை முதலில் எடுத்து, அவர்களுக்குப் படி 4ஐ மறுபடி செய்யுங்கள்.