தொட்டி மூடியாகக் கிடந்த நம்பர் பிளேட்: பதிவு போன காரை ரோட்டுக்குக் கொண்டுவர

கடைக்கு வந்து "வண்டிக்கு நம்பர் எழுதணும்ணே" என்று நிற்பவரிடம் நான் முதலில் தகட்டின் அளவைக் கேட்பதில்லை. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்றுதான் கேட்பேன். காரைக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரஷ் பிடித்துப் பழகிய கேள்வி அது. நம்பர் இல்லாமல் ஒரு கார் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். எந்த ஃபாரம், எவ்வளவு செலவு, எத்தனை நடை என்பதெல்லாம் அந்தக் காரணத்தைப் பொறுத்தது. அது தெரியாமல் ஆர்டிஓ ஆபீசுக்குப் போனால் முதல் நாலு நடை வீண்.

புதுக் கார் என்றால் விஷயம் சின்னது. 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு ஹாலோகிராம் வைத்த அலுமினியத் தகடுதான், அதில் எனக்கு வேலை இல்லை. இருந்தாலும் சிலர் வருவார்கள். கூட்டுத்தொகை எட்டு வந்துவிட்டது, வேறு நம்பருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அதுவரை சிவப்பில் 'ஏ/எஃப்' என்று எழுதிக் கொடுங்கள் என்பார்கள். 'அப்ளைடு ஃபார்' என்ற அந்த இரண்டு எழுத்து உங்களை எதிலிருந்தும் காப்பாற்றாது. நிரந்தர நம்பர் வரத் தாமதமானால் தற்காலிகப் பதிவு வாங்குங்கள். மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்து, அதுதான் முறை. அது முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தற்காலிகப் பதிவு முடிந்த சில நாளில் ஒரு பொலேரோ ஜோத்பூரில் திருடு போனது. இன்சூரன்ஸ் இருந்தது. ஆனாலும் பதிவு இல்லாத வண்டியை வெளியே எடுத்ததே பாலிசி நிபந்தனையை மீறியது, கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அபராதம் தனி. மோட்டார் வாகனச் சட்டம் 192ஆம் பிரிவுப்படி பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. மறுபடி சிக்கினால் 10,000 வரை போகலாம், ஒரு வருஷம் வரை ஜெயிலும் உண்டு. நல்ல நம்பருக்குக் காத்திருந்து கெட்ட நேரத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சட்டத்தில் இருந்த ஓட்டையை வைத்தே நம்பர் இல்லாமல் ஓட்டியவரும் உண்டு. ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ். கலிபோர்னியாவில் அப்போது புது வண்டிக்குத் தகடு மாட்ட ஆறு மாத அவகாசம் இருந்தது. அவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காரையே மாற்றிக்கொண்டார் என்று சொல்வார்கள். 2019 ஜனவரி முதல் அங்கேயும் ஷோரூம்காரரே தற்காலிகத் தகடு மாட்டித்தான் வண்டியை வெளியே விட வேண்டும். நம்மூரில் அந்த ஓட்டை எப்போதுமே இருந்ததில்லை.

இன்னொரு ரகம், ஒரு எண்ணைச் சுரண்டிக் கொடு, தகட்டை மடித்துக் கொடு என்று வருபவர்கள். கேமராவுக்குப் பயம், இல்லையென்றால் தவணை கட்டாமல் ஃபைனான்ஸ் கம்பெனிக்காரனுக்குப் பயம். அவர்களுக்கு என்னிடம் வழியும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை.

செட்டிநாட்டுப் பக்கம் நம்பர் இல்லாமல் நிற்கும் கார்களில் நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டும் இல்லை. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகளில், பின்தெருவைப் பார்த்த ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் இருக்கும். வாங்கியவர் காலமாகியிருப்பார். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஏமாற்ற நினைத்து யாரும் பதிவை விடவில்லை, யார் பார்ப்பது என்பதிலேயே வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷக் கடைசியில் கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி கூப்பிட்டார்கள். 1998இல் வாங்கிய மாருதி 800. தனியார் காரின் பதிவுக்கு ஆயுள் 15 வருஷம், அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆச்சியின் கணவர் செட்டியார் இருந்தபோது 2013இல் ஒரு தடவை புதுப்பித்திருக்கிறார். 2016இல் அவர் காலமாகிவிட்டார். 2018இல் பதிவும் போனது. ஆக இதில் சிக்கல் இரண்டு: வண்டி இறந்தவர் பெயரில், பதிவோ காலாவதி. முன்னும் பின்னும் தகடும் இல்லை.

உங்கள் வீட்டு வண்டியும் இப்படி என்றால், முதலில் சாவியைத் தேடாதீர்கள், காகிதத்தைத் தேடுங்கள். செட்டியார் வீடுகளில் காகிதத்தைத் தூக்கிப் போடும் பழக்கம் கிடையாது, அது ஒரு பாக்கியம். ஆச்சி வீட்டு இரும்புப் பெட்டியில் மஞ்சள் துணியில் சுற்றி ஆர்சி என்னும் பதிவுப் புத்தகம், ஷோரூம் பில், முதல் வருஷத்து இன்சூரன்ஸ் எல்லாம் இருந்தது. அப்புறம் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பழைய புத்தக ஆர்சி கம்ப்யூட்டரில் ஏறாமலே இருக்கலாம். அப்படியென்றால் பதிவான ஆபீசில் பேக்லாக் என்ட்ரி, அதாவது விட்டுப்போன பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டியை எங்கே பதிந்தது என்பதையும் பாருங்கள். செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது: டிஎன் 63 என்றால் சிவகங்கை, டிஎன் 55 என்றால் புதுக்கோட்டை.

பெயர் மாற்ற ஃபாரம் 31. முறைப்படி, இறந்த 30 நாளுக்குள் ஆபீசுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பது வருஷம் கழித்துப் போனாலும் வாங்கிக்கொள்கிறார்கள், கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அதில் பெயருள்ள மற்றவர்களின் சம்மதக் கையெழுத்து வேண்டும். நடை அதிகம் ஆவது இந்தக் கையெழுத்தில்தான். வெளிநாட்டிலிருந்து தபாலில் வாங்க முயன்றால் தூதரக அட்டஸ்டேஷன், கூரியர் என்று இழுக்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லாரும் ஊருக்கு வருவார்கள் அல்லவா, அன்றைக்குக் காகிதத்தைத் தயாராக வைத்திருங்கள். இந்த ஆச்சி பந்தியில் இலை போடுவதற்கு முன்பே மூன்று பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் தூங்கப் போய்விடுவார்கள் என்று கணக்கு.

பதிவைப் புதுப்பிக்க ஃபாரம் 25. எங்களிடம் இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய காருக்கு 5,000. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருஷம் தாண்டியிருந்தால் 10,000. பசுமை வரியும் தாமதக் கட்டணமும் அதற்கு மேல். இந்த இடத்தில் நின்று ஒரு கணக்குப் போடுங்கள். கார் விலையே முப்பதாயிரம் தேறாது என்றால், பதிவை ரத்து செய்து பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையத்தில் கொடுப்பது மேல். நான் அதைத்தான் சொன்னேன். ஆச்சி கேட்கவில்லை. "அவுக ஓட்டுன வண்டி தம்பி" என்றார்கள். சரி, அதற்கு மேல் கணக்குப் பேச முடியாது.

சேஸிஸ் நம்பரை, அதாவது வண்டியின் உடம்பில் பொறித்த அடையாள எண்ணை, பென்சிலில் எடுத்து ஃபாரத்தில் ஒட்ட வேண்டியிருக்கும். இதை நீங்களே செய்யலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. மாருதி 800இல் பானட்டைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பின்பக்கத் தகட்டில் பொறித்திருக்கும். எங்களுக்கு எலி கட்டிய கூட்டை எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தேய்த்த தடம் தெரிந்தால், நம்பரை அழித்து அடித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் பிரேக் இன்ஸ்பெக்டருக்கு வந்துவிடும். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அரை மணி நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள். மெல்லிய தாளை இரண்டு பக்கமும் டேப் போட்டு இழுத்து ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் நகர்ந்து எண் இரட்டையாக விழும். எடுத்ததை ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எங்களுடையதில் வண்டியில் பொறித்தது 8, புத்தகத்தில் 3. 1998இல் யாரோ எழுதும்போது விட்ட பிழை. ஷோரூம் பில்லில் சரியாக 8 இருந்ததால் ஒரே நடையில் திருத்திக் கொடுத்தார்கள். மஞ்சள் துணி அன்றைக்குக் காப்பாற்றியது.

பேட்டரி, டயர், பிரேக், தொட்டியில் கெட்டுப்போன பெட்ரோல் எல்லாம் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். ஒன்று மட்டும்: பதிவு போன வண்டியை ஓட்டிக்கொண்டு எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சோதனைக்கு, போகாதீர்கள். ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் முன்பே கையில் இருக்க வேண்டும். புகைச் சான்று எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுப்பார்கள், ஆகவே அதற்கு முன்னால் தகடு மாட்டியாக வேண்டும்.

ஷெட்டில் இருப்பது ஆஸ்டினோ மோரிஸோ என்றால் கதை வேறு. 50 வயது தாண்டி, உருவம் மாற்றாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜாகப் பதியலாம். நம்பரில் 'விஏ' என்று வரும், கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்கலாம். தினம் சந்தைக்குப் போக முடியாது. பெங்களூரிலிருந்து மருமகன் விட்டுப்போன வண்டி என்றால் ஃபாரம் 28, அதாவது அங்கிருந்து என்ஓசி எனும் ஆட்சேபணை இல்லாச் சான்று. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பரும் இங்கத்து வரியும் கட்டாயம்.

இனி என் வேலை. காருக்கு எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், கோட்டின் தடிமன் 10, இடைவெளி 10. வெள்ளையில் கறுப்பு. சாய்வெழுத்து, படம், ஜாதிக் கொடி எதையும் அதில் ஏற்றச் சொல்லாதீர்கள். எஃப்சியில் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி என்னிடம்தான் வர வேண்டும்.

அளவெடுக்க ஆச்சி வீட்டுக் கொல்லைக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டியின் வாயை ஒரு தகடு மூடியிருந்தது. திருப்பினேன். டிஎன் 63. அந்த 6இன் வயிற்றைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, 1998இல் நான் எழுதியது. பெயிண்ட் அடிக்கக் கழற்றியபோது யாரோ கொண்டுபோய்த் தொட்டிமேல் போட்டிருக்கிறார்கள், மற்றதைக் காணோம்.

புதுத் தகடு இரண்டும் எழுதி மாட்டி, எஃப்சி முடிந்து, ஆர்சி கைக்கு வந்த அன்றைக்குக் கூலி வாங்கப் போனேன். பணத்தைக் கொடுத்துவிட்டு ஆச்சி கேட்டார்கள்: "அந்தப் பழைய தகட்ட எங்க தம்பி கொண்டுபோயிட்டே? தொட்டி தெறந்து கெடக்கு."