கொசு, சாக்கடை, மரம்: நகரங்கள் உயிரியலில் சறுக்கும் இடங்கள்

டெங்கு பரவியதும் பல நகரங்களில் முதலில் தெருவுக்கு வருவது புகையடிக்கும் இயந்திரம்தான். புகை கண்ணுக்குத் தெரியும், ஏதோ நடக்கிறது என்று மக்களுக்கும் நிம்மதி. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி வீட்டுக்குள் வாழப் பழகிய கொசு. பகலில் கடிக்கும், மற்ற நேரத்தில் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்கு இடையிலும் ஒதுங்கியிருக்கும். தெருவில் அடிக்கும் புகை அதை அரைகுறையாகத்தான் எட்டும். தண்ணீர்த் தொட்டியில் நெளியும் புழுக்களை ஒன்றும் செய்யாது. அவை சில நாட்களில் கொசுவாகிக் கிளம்பிவிடும். ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் அதைத் தாங்கும் கொசுக்களே மிஞ்சிப் பெருகும் என்பது இன்னொரு சிக்கல்.

எந்த உயிரி, எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது என்று கேட்பதற்கு முன்பே தீர்வை வாங்கிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. நவீனமான முறைகளுக்கும் இதே கதிதான்.

வால்பாக்கியாவை எடுத்துக்கொள்வோம். பூச்சிகளின் செல்களுக்குள் வாழும் இந்த பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள் புகுத்தினால், அதன் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது கடினமாகிவிடும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் 24 பகுதிகளைப் பிரித்து, பாதியில் மட்டும் இந்தக் கொசுக்களை விட்டார்கள். 2021இல் வெளியான முடிவின்படி அந்தப் பகுதிகளில் டெங்கு 77% குறைவாக இருந்தது. மீதிப் பாதியை ஒப்பிடுவதற்காக விட்டுவைத்ததால்தான் இந்த எண்ணை நம்பிச் சொல்ல முடிகிறது. நகரம் முழுக்க ஒரே நேரத்தில் செய்திருந்தால், டெங்கு குறைந்தது கொசுவாலா, அந்த வருடத்து மழையாலா என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, அதே கொசுவை எந்த ஊரிலும் விடலாமா? ரியோ டி ஜெனிரோவின் ஒரு பகுதியில் முதல் முயற்சி தோற்றது. அங்கிருந்த உள்ளூர்க் கொசுக்களுக்குப் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகையைத் தாங்கும் சக்தி வந்திருந்தது. ஆய்வகத்தில் வளர்த்து விட்டவற்றுக்கு அது இல்லை. வீட்டில் மருந்தடித்ததும் புதியவை செத்தன, பழையவை பிழைத்தன. தாங்கும் சக்தியுள்ள கொசுக்களில் வால்பாக்கியாவை ஏற்றி மறுபடி விட்ட பிறகுதான் அது நிலைத்தது. பழைய மருந்துப் பழக்கம் புதிய திட்டத்தின் காலை வாரிய கதை இது.

அடுத்து சாக்கடை. கழிவுநீரில் வைரஸின் மரபணுத் தடயத்தைத் தேடுவது அருமையான முறை. நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே தகவல் வந்துவிடும். 2022இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டது. யாருக்கும் பக்கவாதம் வந்ததாகப் பதிவாகாத நிலையிலேயே 1 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி போட முடிவெடுத்தார்கள். இங்கே செய்யக்கூடாதது, கிடைக்கும் அளவை நோயாளிகளின் எண்ணிக்கையாகப் படிப்பது. மழை பெய்தால் கழிவுநீர் நீர்த்துவிடும். அதைச் சரிசெய்ய, மிளகாயைத் தாக்கும் ஒரு செடி வைரஸையும் சேர்த்து அளக்கிறார்கள். அது நாம் தின்னும் மிளகாயோடு குடல் வழியே வந்து மனித மலத்தில் ஏராளமாக இருப்பதால், மலம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் குடியிருப்புகள் இந்தக் கணக்கிலேயே வராது. அங்கே நோய் இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து.

மரம் விஷயத்தில் யாரும் கேள்வியே கேட்பதில்லை. மரம் நல்லதுதான், நிழல் தரும், வெப்பத்தைக் குறைக்கும். ஆனால் பாப்லர், யூகலிப்டஸ், பல ஓக் வகைகள் வெயிலில் ஐசோப்ரீன் என்ற வாயுவை அதிகமாக வெளியிடும். வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு அது வெயிலில் வினைபுரிந்து, நுரையீரலை எரிச்சலூட்டும் ஓசோன் உருவாகக் காரணமாகிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே போகும் குறுகிய சாலையில் கிளைகள் கூரைபோல மூடிக்கொண்டால், புகை மேலே போக வழியின்றித் தெருவிலேயே தேங்கவும் கூடும். ஆகவே நடுவதற்கு முன் எந்த இனம், எந்தத் தெரு என்று பார்க்க வேண்டும். எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணிக்கைப் பெருமை இதற்கு உதவாது.

வீட்டுக்குள் தொட்டிச் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பதும் இந்த ரகம்தான். அந்த நம்பிக்கைக்கு மூலமான 1989ஆம் ஆண்டு நாசா சோதனை, காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. சாதாரண அறையில் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது தேவைப்படும் என்று 2019இல் வெளியான ஒரு மறுஆய்வு கணக்கிட்டது. ஜன்னலைத் திறப்பது எளிது.

பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா பற்றிய செய்திகளையும் நிதானமாகப் படிக்கவும். ஜப்பானில் கண்டறியப்பட்டு 2016இல் அறிவிக்கப்பட்ட பாக்டீரியா, 30 டிகிரி வெப்பத்தில் பாட்டில் செய்யப் பயன்படும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் ஒரு மெல்லிய படலத்தைச் சிதைக்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. 2020இல் அறிவிக்கப்பட்ட மேம்படுத்திய நொதி 10 மணி நேரத்தில் 90% பெட்டைப் பிரித்தது உண்மை. ஆனால் அது சுமார் 70 டிகிரி வெப்பத்தில், பொடியாக்கிய பிளாஸ்டிக்கை உலைக்குள் போட்டுச் செய்தது. குப்பைமேட்டில் தெளித்துவிட்டு வரும் மருந்து அல்ல. பாட்டிலைத் தனியாகப் பிரித்துச் சேகரித்து அந்த உலைவரை கொண்டுபோகும் வேலை நகராட்சியின் தலையில் அப்படியே இருக்கிறது.