கரும்பைப் பதிவு போடும் முன் ஆலையைப் படித்துவிடுங்கள்

ஆலையிலிருந்து ஆள் வந்து "விரிவாக்கம் பண்றோம், விதைக் கரணை மானியத்தில் தர்றோம், வெட்டுக்கூலிக்கு முன்பணம் உண்டு" என்று சொன்ன உடனே பேனாவை எடுக்காதீர்கள். நெல் தப்பினால் ஒரு போகத்தோடு போயிற்று. கரும்பு அப்படியில்லை. நடவுப் பயிர், அப்புறம் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பு என்று இரண்டு மூன்று வருஷம் அந்த ஆலையோடு கட்டிப்போட்ட மாதிரிதான். மண்ணையும் தண்ணீரையும் எவ்வளவு பார்க்கிறோமோ அதே அளவு ஆலையையும் பார்க்க வேண்டும், ஆனால் நம் தஞ்சை டெல்டாவில் குருங்குளம் பக்கமாகட்டும், பாபநாசம் பக்கமாகட்டும், அதைப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு.

எப்படிப் பார்ப்பது என்று பழகிக்கொள்ள ஒரு பெரிய கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் டோங்காட் ஹூலெட் என்ற சர்க்கரைக் கம்பெனி. 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து 'டுரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் டர்பன் இருக்கும் நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், அவர்களில் பெரும்பகுதி மெட்ராஸ் மாகாணத்துக்காரர்கள். அந்த உழைப்பின் மேல் எழுந்த கரும்புத் தொழிலில் வளர்ந்ததுதான் இந்தக் கம்பெனி. லீஜ் ஹூலெட் 1892-ல் கம்பெனியைப் பதிவு செய்தார், 1982-ல் டோங்காட்டும் ஹூலெட்டும் இணைந்தன. நெட்டாலில் மட்டும் நிற்காமல் ஜிம்பாப்வேயில் டிரையாங்கிள், ஹிப்போ வேலி, மொசாம்பிக்கில் ஷினவானே, மஃபாம்பிஸ்ஸே என்று கால் பரப்பியது. இவ்வளவு பெரிய கம்பெனி 2022 அக்டோபரில் கடன் தாங்காமல், திவாலாகாமல் காப்பாற்றும் சட்ட நடவடிக்கைக்குள் போனது. கரும்பு விளையாததால் மட்டும் வந்த வினை இல்லை அது.

சரி, முதல் கேள்வி: ஆலைக்கு எத்தனை டன் கரும்பு வேண்டும், எத்தனை டன் கிடைக்கிறது? கணக்கு கஷ்டமில்லை. நாளைக்கு 2,500 டன் அரைக்கும் ஆலை 120 நாள் ஓட 3 லட்சம் டன் தேவை. ஏக்கருக்கு 40 டன் என்று வைத்தால் 7,500 ஏக்கர். ஆலையின் கோட்ட அலுவலகத்தில் கேட்டால் 3,000 ஏக்கர்தான் பதிவு என்கிறார்கள் என்றால் ஆலை 48 நாள்தான் ஓடும். மீதிக்கு வெளி மாவட்டத்திலிருந்து லாரி வைத்து இழுப்பார்கள், அல்லது நின்று நின்று அரைப்பார்கள். நிறுத்தி ஓட்டும்போதெல்லாம் எரிபொருளும் போகும், சாறும் கெடும். ஆட்களுக்குச் சம்பளம், இயந்திரத்துக்குப் பராமரிப்பு, வங்கிக்கு வட்டி எல்லாம் 365 நாளுக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அந்த 48 நாள் வருமானத்தில் அதையும் கட்டி நமக்கும் பணம் தர வேண்டும், யாருக்கு முதலில் தள்ளிப்போடுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தலைகீழாகவும் பாருங்கள்: பதிவு 10,000 ஏக்கர் என்றால் கட்டிங் ஆர்டர் (வெட்டு உத்தரவு) தள்ளிப்போகும், கரும்பு பூத்து, சாய்ந்து, எடை இறங்கும். பதிவு ஏக்கரை மட்டும் நம்பாமல், போன பருவத்தில் உண்மையில் அரைத்த டன்னையும் அரவை நாட்களையும் கேளுங்கள். வாயால் சொல்வதைவிட அரவை அறிக்கையைக் காட்டச் சொல்வது நல்லது.

இரண்டாவது, லாபம் எதிலிருந்து வருகிறது. இங்கேதான் டோங்காட் கதை உதவும். டர்பனுக்கு வடக்கே அவர்களிடம் இருந்த கரும்பு நிலங்கள் நகரம் வளர வளர மனையாக மாறின. கரும்பைவிட நிலம் விற்பதில் லாபம் கொட்டியது. 2019-ல் கணக்கில் குளறுபடி என்று வெளியே வந்தது, பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. விசாரணையில் தெரிந்ததில் இரண்டு விஷயம் நமக்கு முக்கியம்: நில விற்பனை முடியும் முன்னாலேயே வருமானமாக எழுதியிருந்தார்கள், ஜிம்பாப்வேயில் கரும்பு நட்ட செலவைச் செலவாகக் காட்டாமல் சொத்தாக ஏற்றியிருந்தார்கள். காகிதத்தில் லாபம், கையில் காசில்லை. அடுத்த வருஷம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்டார்ச் தொழிலை 535 கோடி ராண்டுக்கு (அந்த ஊர்ப் பணம்) பார்லோவேர்ல்டு கம்பெனிக்கு விற்றும் கடன் தீரவில்லை.

அதனால் தனியார் ஆலை என்றால் ஆண்டறிக்கையில் லாபப் பக்கத்தைத் தாண்டி பணப்புழக்கப் பக்கத்துக்குப் போங்கள். லாபம் ஏறுகிறது, ஆனால் தொழிலிலிருந்து வந்த பணம் இறங்குகிறது, கூடவே கடனும் ஏறுகிறது என்றால் அந்த விரிவாக்கப் பேச்சைத் தள்ளியே வையுங்கள். ஊரில் ஒரு ஆடிட்டரோ காமர்ஸ் படித்த பிள்ளையோ இருந்தால் அரை மணி நேர வேலை. கூட்டுறவு ஆலை என்றால் நீங்கள் அங்கத்தினர், பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

தண்ணீரையும் விடாதீர்கள். ஜிம்பாப்வேயின் டிரையாங்கிளும் ஹிப்போ வேலியும் முட்டிரிக்வி ஏரியை நம்பிப் பாசனம் செய்கின்றன, அது அவர்களுக்கு ஒரு மேட்டூர். நமக்கு ஜூன் 12-ல் அணை திறந்தாலும் கரும்புக்கு வருஷம் பூராவும் ஈரம் வேண்டும். போர்வெல் இல்லாத வயலில் ஆலை சொல்கிறது என்பதற்காகக் கரும்பு வைக்காதீர்கள்.

கரும்பு யாருடையது என்பதும் முக்கியம். இல்லோவோ சர்க்கரைக் கம்பெனிக்கு ஜாம்பியாவின் நக்கம்பாலாவில் கஃபுவே ஆற்றுப் பாசனத்தில் சொந்தத் தோட்டமே இருக்கிறது, விவசாயி ஒரு பருவம் கொடுக்காவிட்டாலும் ஆலை ஓடும். கென்யாவின் மும்மியாஸ் ஆலை பெரும்பாலும் சுற்றுவட்டார விவசாயிகளை நம்பியிருந்தது. பணம் தேங்கியது, விவசாயிகள் விலகினார்கள், கரும்பில்லாமல் ஆலை தள்ளாடி 2019-ல் கடன் கொடுத்த வங்கியின் கைக்குப் போனது. நம் டெல்டா ஆலைகள் இந்த இரண்டாவது வகை. நாம் நெல்லுக்குத் திரும்பினால் அவர்களுக்கு வேறு வழியில்லை, பேரம் பேசும்போது இதை மறக்காதீர்கள்.

அப்புறம் விலை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு விலை 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) டன்னுக்கு 3,550 ரூபாய், 9.5-ம் அதற்குக் கீழும் 3,290 ரூபாய் 50 காசு. வித்தியாசம் 259 ரூபாய் 50 காசு, ஏக்கருக்கு 40 டன்னில் 10,380 ரூபாய். நம் ஆலைகள் பெரும்பாலும் 9.5-ஐ ஒட்டியோ கீழேயோதான் நிற்கின்றன. இங்கே கட்டுமானம் ஆலை முழுவதுக்கும் சராசரி. சோகை (காய்ந்த தோகை) உரித்து, அடியோடு வெட்டி, அன்றைக்கே ஏற்றியவருக்கும், நுனிக் கொழுந்தாடையோடு மூன்று நாள் காயவிட்டு அனுப்பியவருக்கும் ஒரே விலை. தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொருவர் கரும்பையும் தனியாகச் சோதித்து, சர்க்கரையில் இருந்து மற்ற கரைபொருளுக்கும் நாருக்கும் கழித்துப் பணம் தருகிறார்கள். நியாயமான முறை என்பது என் எண்ணம், ஆனால் சோதனையைச் செய்வது ஆலையின் ஆளாக இருந்தால் எனக்கு வேண்டாம்.

பணம் எப்போது வந்தது என்பதைப் பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள், ஆலையிடம் இல்லை. சட்டப்படி கரும்பு கொடுத்த 14 நாளில் தர வேண்டும், தாண்டினால் 15 சதவீத வட்டி. கடைசி மூன்று பருவத்தில் கடைசித் தவணை எந்த மாதம் கணக்கில் ஏறியது என்று நாலு பேரிடம் கேட்டாலே படம் தெரிந்துவிடும்.

கையெழுத்து போடும் நாளில் ஒரு விஷயம். ஆலை வழியாக வரும் வங்கிக் கடன் படிவத்தில் தொகை எழுதாத இடத்தில் கையெழுத்தே போடாதீர்கள். விவசாயி பேரில் எடுத்த கடனை ஆலை வைத்துக்கொண்டு, ஆலை மூடிய பிறகு வங்கி நோட்டீஸ் விவசாயி வீட்டுக்கு வந்தது இதே டெல்டாவில்தான். வெட்டு உத்தரவு, எடைச் சீட்டு, கழிவுப் பிடித்தம் எழுதிய சீட்டு மூன்றையும் வண்டி இறங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மையெழுத்து ஒரே மழைக்காலத்தில் அழிந்துவிடும்.