ஒரே சர்வரில் ரியல்டெக்கும் இன்டெல்லும்: நெட்வொர்க் கார்டுகளைக் கலந்து போடுவது எப்படி

ஆபீஸ் லினக்ஸ் சர்வரின் மதர்போர்டில் ரியல்டெக் போர்ட் இருக்கிறது, பக்கத்தில் ஒரு இன்டெல் கார்டு செருக வேண்டும். தாராளமாகச் செருகலாம். இரண்டுக்கும் தனித்தனி டிரைவர், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) குழம்பாது. கோளாறு வருவது பெயரில், ஐபி முகவரியில், வேகத்தில்.

கார்டைத் தொடுவதற்கு முன் 'ஐபி லிங்க்' கட்டளை காட்டும் பெயரையும் மேக் முகவரியையும் (கார்டிலேயே பதிந்திருக்கும் தனி அடையாள எண்) எழுதிவையுங்கள். புதுக் கார்டு ஏறியதும், கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பாதையான பிசிஐ பஸ்ஸின் எண்கள் நகரலாம்; போர்ட்டின் பெயர் அந்த எண்ணிலிருந்துதான் வருகிறது. நேற்று 'இஎன்பி3எஸ்0' ஆக இருந்த போர்ட் இன்று 'இஎன்பி4எஸ்0' ஆகிவிடலாம். செட்டிங் ஃபைல் பழைய பெயரையே தேடும், சர்வருக்கு ஐபி கிடைக்காது. ஆகவே இந்த வேலையை மானிட்டரும் கீபோர்டும் இணைத்து நேரில் செய்யுங்கள். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது நெட்வொர்க் மூலம் தூரத்திலிருந்து, வேண்டாம். நிரந்தரத் தீர்வு, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யின் லிங்க் ஃபைலில் மேக் முகவரியைக் கொடுத்து 'லேன்0' போல் சொந்தப் பெயர் வைப்பது. 'எத்0' வேண்டாம், கெர்னலும் அதே பெயரை வைக்கும். டெபியன், உபுண்டுவில் இனிட்ராம்எஃப்எஸ்-ஐயும் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பு) புதுப்பித்துவிடுங்கள்.

அடுத்து 'எத்டூல்' கட்டளையில் வேகத்தைப் பாருங்கள். 1000 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட், அதாவது ஒரு கிகாபிட்) வர வேண்டிய இடத்தில் 100 வந்தால் முதல் சந்தேகம் கேபிள் மீதுதான். கிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேண்டும்; 100-க்கு 1, 2, 3, 6 போதும். கிரிம்ப்பில் (கேபிள் முனையில் பிளக் அழுத்திய இடம்) மற்ற நான்கில் ஒன்று தொடாவிட்டாலும் லிங்க் 100-க்கு இறங்கி, ஃபைல் காப்பி நொடிக்கு 11 எம்பி (மெகாபைட்) வேகத்தைத் தாண்டாது. இரண்டு போர்ட்களின் கேபிள்களையும் சர்வர் பக்கத்தில் மாற்றிச் செருகுங்கள். கோளாறு கேபிளோடு போனால் கேபிள் அல்லது ஸ்விட்ச் போர்ட். அங்கேயே இருந்தால் கார்டு.

வேகத்தைக் கையால் பூட்டாதீர்கள். ஒரு பக்கம் '100 ஃபுல்' என்று பூட்டி, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால் அந்த மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும்) போய்விடும். பிங் அழகாக வரும். பெரிய ஃபைல் மட்டும் ஊர்ந்து போகும். சிஆர்சி எர்ரர் (வழியில் சிதைந்து வந்த டேட்டா) எண்ணிக்கை ஏறுவதே அடையாளம்.

அதிகம் பார்க்கும் தவறு, வேகம் இரட்டிப்பாகும் என்று நம்பி இரண்டு கார்டுக்கும் 192.168.1-இல் ஐபி கொடுப்பது. தன்னிடம் உள்ள எந்த ஐபிக்கான ஏஆர்பி கேள்விக்கும் ('இந்த ஐபி எந்த மேக் முகவரியில் இருக்கிறது?') லினக்ஸ் எந்தக் கார்டு வழியாகவும் பதில் சொல்லும். வெளியே போகும் டிராஃபிக் பெரும்பாலும் ஒரே கார்டில்தான் போகும். இதனால் இணைப்பு காரணம் தெரியாமல் விட்டுவிட்டு வரும். ஆபீஸுக்கு 192.168.1, பேக்கப்புக்கு 192.168.2 என்று பிரியுங்கள். டிஃபால்ட் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) ஒன்றில் மட்டும்.

இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்க வேண்டுமென்றால் பாண்டிங் செய்யுங்கள், அதாவது இரண்டு கார்டையும் ஒரே கார்டு போல் சேர்த்துவிடுங்கள். ஒரு கார்டு வேலை செய்ய மற்றது காத்திருக்கும் ஆக்டிவ்-பேக்கப் முறைக்கு எந்தக் கம்பெனி, எந்த வேகம், எந்த ஸ்விட்ச் என்றாலும் சரி. கலப்புக் கார்டுகளுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது இதையே. பாண்டிங் செட்டிங்கில் 'எம்ஐஐமான்' 100 (மில்லிசெகண்ட்) என்று எழுத மறக்காதீர்கள், அதுதான் லிங்க் விழுந்ததா என்று பார்க்கிறது. இரண்டு கார்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் எல்ஏசிபி முறைக்கு ஸ்விட்ச்சிலும் செட்டிங் வேண்டும், வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஒரு கார்டு 100-க்கு இறங்கினால் அது குழுவிலிருந்து ஒதுங்கிவிடும். அப்போதும் ஒரு பிசிக்குப் போகும் ஒரே ஃபைல் காப்பி ஒரு லிங்க்கின் வேகத்தைத் தாண்டாது.

பழைய 32 பிட் பிசிஐ ஸ்லாட்டில் கிகாபிட் கார்டு போடாதீர்கள். அந்த பஸ் முழுவதற்குமே நொடிக்கு 133 எம்பிதான். ஹார்டு டிஸ்க் கன்ட்ரோலரும் அதில் இருந்தால் பங்கு இன்னும் குறையும்.

கடைசியாக, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் 'ஐபெர்ஃப்3' ஓட்டுங்கள். கிகாபிட்டில் 940 எம்பிபிஎஸ் அருகே வந்து, ஓடும்போது எர்ரர் எண்ணிக்கை நகராமல் இருந்தால் சர்வரை ஆபீஸுக்குத் திறந்துவிடலாம்.