அமெரிக்க எஃப்.எம். ட்யூனரை நம் ஊர் ஒலிபரப்புக்கு மாற்றுவது

அமெரிக்காவில் விற்ற 1970களின் ட்யூனரை (எஃப்.எம். நிலையங்களைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் பெட்டி) இங்கே போட்டால் ஜாலரா, வயலின் ஒலியெல்லாம் மங்கிக் கேட்கும். உடனே எல்லாக் கெப்பாசிட்டரையும் பிடுங்க வேண்டாம். ஒலிபரப்பில் மேல்ஸ்தாயியை உயர்த்தி அனுப்புவார்கள், ட்யூனர் அதே அளவு குறைக்கும். அந்த அளவை மைக்ரோ செகண்டில் சொல்வார்கள், எண் பெரிதானால் குறைப்பும் அதிகம்: அங்கே 75, இந்தியாவில் 50. அதனால் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3.3 டெசிபெல் இழக்கிறோம். பின்புறம் 50/75 சுவிட்ச் இருந்தால் அதைத் திருப்பினாலே போதும். 120 வோல்ட் மட்டும் ஏற்கும் செட் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

சுவிட்ச் இல்லையா? இடது, வலது ஒலியைப் பிரிக்கும் ஸ்டீரியோ ஐ.சி.யைத் தேடுங்கள். எம்.சி.1310 என்றால் 4, 5ஆம் கால்களில் 3.9 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 20 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கும். கிலோ ஓமை நானோஃபாரடால் பெருக்கினால் மைக்ரோ செகண்ட் கிடைக்கும்: 3.9 × 20 = 78. கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 10, 2.7 நானோஃபாரட் இரண்டையும் இணையாகப் போட்டால் 49.5 வரும். 12 அல்லது 13 நானோஃபாரட் முன்பே இருந்தால் யாரோ மாற்றிவிட்டார்கள், தொடாதீர்கள். ஃபிலிம் வகையே வாங்குங்கள், இடது வலது இரண்டையும் அளந்து ஜோடி சேருங்கள். மலிவான டிஸ்க் செராமிக் சூட்டில் மதிப்பு மாறும்.

பழைய போர்டில் செம்புத் தடம் சுலபமாகப் பெயர்ந்துவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும், ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள்.

அடுத்து, ஐ.சி.யின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர். பலரும் மேலே சொன்ன வெளியீட்டுக் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றி இதை விட்டுவிடுகிறார்கள். உள்ளீட்டுத் தடை சுமார் 50 கிலோ ஓம் என்று வைத்தால், 1 மைக்ரோஃபாரடில் 50 ஹெர்ட்ஸ் ஒலி 3.6 டிகிரி முந்தும். 38 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஏறி வரும் இடம்-வலம் வித்தியாச சிக்னல் அப்படி நகராது. எனவே பேஸில், அதாவது தாழ்ந்த ஒலியில், இடம்-வலம் பிரிவு 30 டெசிபெல் அளவில் நின்றுவிடும். 10 மைக்ரோஃபாரட் போட்டால் அது 50ஐ எட்டக்கூடும். எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று மீட்டரில் பார்த்துப் போடுங்கள்.

பிறகு உள்ளீட்டு சிக்னலை நிறுத்திவிட்டு, 10ஆம் காலில் அதிர்வெண்ணை அளந்து, ஐ.சி.யின் ட்ரிம்மரை (சிறு திருகு ரெசிஸ்டர்) 19.00 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்புங்கள். 14ஆம் காலில் அளவுக் கருவியின் முனையை (புரோப்) வைத்தால் அளவீடே நகர்ந்துவிடும்.

பக்கத்து நிலையங்களை வடிகட்டும் 10.7 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டர்களைக் கடைசியில் பாருங்கள். சென்னையில் 91.1, 91.9, 92.7 என்று நிலையங்கள் 0.8 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால் 280 கிலோஹெர்ட்ஸ் அகலம் தாராளமாகப் பொருந்தும், டிஸ்டார்ஷனும் குறையும். எல்லா ஃபில்டரும் ஒரே நிறப் புள்ளியாக இருக்கட்டும், நிறம் அதன் மைய அதிர்வெண்ணைச் சொல்லும்: சிவப்பு 10.70, நீலம் 10.67. கலந்து போட்டால் ட்யூனரின் ட்யூனிங் மீட்டர் முள் நடுவில் நிற்குமிடத்தில் ஒலி கரகரக்கும். மாற்றியபின், சிக்னலிலிருந்து ஒலியை எடுக்கும் டிஸ்கிரிமினேட்டர் காயிலைச் சரிசெய்யாவிட்டாலும் அதே கதிதான். ட்யூனிங் கேங்கையும் (நிலையம் மாற்றும்போது சுழலும் கெப்பாசிட்டர்) அதன் ட்ரிம்மர்களையும் மட்டும், சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் தொடவே கூடாது.