ஆர்மித் தாத்தாவின் பேச்சைப் பதிவு செய்து காப்பது எப்படி

மலேசிய ரப்பர் தோட்டங்களிலிருந்து இராணுவத்துக்குப் போன தமிழர்களின் வாழ்க்கை பெரும்பாலும் காகிதத்தில் ஏறவில்லை. படைப்பிரிவின் வரலாற்றில் பட்டாலியனின் பெயர் இருக்கும். சுங்கை சிப்புட் பக்கத்து லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) போன ஒரு லான்ஸ் கோப்பரல் சம்பளத்தில் எவ்வளவை அம்மாவுக்கு அனுப்பினார், அவர் இல்லாத நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது. அவரும் அவர் வீட்டாரும் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. 1970-ல் 18 வயதில் சேர்ந்தவர் இப்போது 70-ஐத் தாண்டிவிட்டார். அதனால் நல்ல கேமரா வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும்.

பதிவுக்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிக் காலக்கோடு போடுங்கள். பெரிய தாளில் நான்கு கட்டங்கள்: வருடம், எந்தக் கேம்ப், வீட்டில் என்ன நடந்தது, நாட்டில் என்ன நடந்தது. நாட்டுக் கட்டத்தை முன்கூட்டியே நிரப்பிவிடலாம். 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31-ல் முடிந்தது. இந்தோனேசியாவுடனான கொன்ஃபிரந்தாசி என்ற மோதல் 1963 முதல் 1966 வரை. கம்யூனிஸ்டுகளின் இரண்டாவது எழுச்சி 1968-ல் தொடங்கி, 1989 டிசம்பர் 2-ல் ஹாட்யாய் உடன்பாட்டோடு ஓய்ந்தது. ஐ.நா. பணியாக கொங்கோ 1960–63, கம்போடியா 1992–93, சோமாலியா 1993–94, போஸ்னியா 1993-லிருந்து. பெரியவர்களுக்கு வருடம் நினைவிருக்காது, பிள்ளை பிறந்தது நினைவிருக்கும். “எந்த வருஷம் கிரிக் கேம்பில் இருந்தீங்க?” என்றால் தடுமாறுவார். “மூத்த அக்கா பிறந்தப்ப எந்தக் கேம்ப் தாத்தா?” என்றால் உடனே பதில் வரும். அக்காவின் பிறப்புச் சான்றிதழை வைத்து வருடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயர்களையும் சரிபாருங்கள். அவர் குரோ என்பது இன்றைய பெங்காலான் ஹூலு. பத்தாங் பெர்ஜுந்தை என்பது பெஸ்தாரி ஜெயா. பதிவில் அவர் சொன்ன பெயரை அப்படியே விட்டுவிட்டு, எழுத்துப் படியில் மட்டும் புதிய பெயரைப் பக்கத்தில் சேருங்கள்.

படைப்பிரிவு விஷயத்தில் குடும்பங்கள் அடிக்கடி தவறுகின்றன. “தாத்தா மலாய் ரெஜிமென்டில் இருந்தார்” என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். அந்த ரெஜிமென்ட் மலாய்க்காரர்களை மட்டுமே சேர்ப்பது. தமிழர்கள் பெரும்பாலும் 1952-ல் எல்லா இனத்தாருக்குமாகத் தொடங்கிய ஃபெடரேஷன் ரெஜிமென்ட், பிறகு ரேஞ்சர், சிக்னல், இன்ஜினியர், மருத்துவம், போக்குவரத்து போன்ற பிரிவுகளில் இருந்தார்கள். போலீஸ் ஃபீல்டு ஃபோர்ஸில் காட்டுக்குள் போனவர்களையும் வீட்டில் ‘ஆர்மி’ என்றே சொல்வதுண்டு. அது போலீஸ், ஆவணம் தேடும் இடமே வேறு. பணி நிறைவுச் சான்றிதழைப் பார்த்து இராணுவ எண், பதவி, பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதக்கங்களைப் பளபளக்கத் தேய்க்காதீர்கள். பிராஸோ போன்ற உலோகம் துலக்கும் திரவம் போட்டுத் தேய்த்தால் விளிம்பிலுள்ள எழுத்து வருடா வருடம் கரையும். அவசரகாலத்தில் கொடுத்த பிரிட்டிஷ் பொதுச்சேவைப் பதக்கத்தின் விளிம்பில்தான் எண்ணும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். ‘மலாயா’ என்ற பட்டையும் மேலே இருக்கும். ஐ.நா. பதக்கங்கள் பெரும்பாலும் ஒரே வட்டம்தான், எந்த நாட்டுப் பணி என்பதை நாடாவின் நிறங்கள்தான் சொல்லும். நாடா நைந்து போயிருந்தால் வெட்டி எறியாமல், முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

பதிவுக்குக் காலை 10 மணி நல்ல நேரம். பசியாறி மருந்து போட்டிருப்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும், நாலு மணிக்கு மழை வந்தால் சிங்க் கூரைச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது. கோயில் திருவிழா நாளைத் தவிர்த்துவிடுங்கள். உள் அறையில் மெத்தை, திரைச்சீலை இருந்தால் எதிரொலி குறையும். காற்றாடியை நிறுத்துங்கள், முடியாத அளவு வெக்கையாக இருந்தால் மேசைக் காற்றாடியை மைக்குக்குப் பின்புறமாகத் தூரத்தில் வையுங்கள். போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வைக்க வேண்டும். சட்டையில் குத்தும் மைக் இருந்தால் மார்பு நடுவில், சங்கிலியும் ருத்திராட்சமும் உரசாத இடத்தில் குத்துங்கள். துப்பாக்கிச் சத்தத்தில் பல ஆண்டு இருந்தவர்களுக்கு ஒரு காது மந்தமாக இருப்பது சகஜம். எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள். இல்லாவிட்டால் அவர் ஒன்றைக் கேட்டு வேறொன்றுக்குப் பதில் சொல்வார், நீங்கள் அதை மறதி என்று நினைத்துவிடுவீர்கள்.

ரெக்கார்டர் செயலியில் வேவ் (WAV) வடிவம், மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 320 எம்பி ஆகும். ஒரு நிமிடம் பேசச் சொல்லி, காதில் ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தொடக்கத்தில் தேதி, இடம், இருவர் பெயரையும் சொல்லுங்கள். ஒரு அமர்வு 45 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். நாலைந்து அமர்வாகப் பிரித்தால் இடையில் அவருக்கே பழையது பலவும் நினைவுக்கு வரும்.

முதல் கேள்வி சண்டையைப் பற்றி வேண்டாம். தோட்டத்தில் தொடங்குங்கள். வெள்ளைத் தாளைக் கொடுத்து லயத்தின் படம் வரையச் சொல்லுங்கள்: எந்த டிவிஷன், எத்தனை வீடு, ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எங்கே, கிராணி (தோட்ட எழுத்தர்) வீடு எங்கே, கோயில் எங்கே. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய் செம்பனையும் தாமானும் (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டதால் அந்தப் படமே ஓர் ஆவணம். கை வரையும்போது வாய் தானாகத் திறக்கும். பிறகு, ஆள் எடுக்கிறார்கள் என்று யார் சொன்னது, அப்பா சம்மதித்தாரா, முதல் சம்பளம் என்ன ஆனது, முதல்முறை பூட்ஸ் போட்டபோது கால் எப்படி இருந்தது, கொம்போ ரேஷனில் (காட்டுக்குக் கொடுத்துவிடும் உணவுப் பொட்டலம்) எதைத் தின்றார் எதைத் தள்ளினார், தீபாவளிக்கு லீவு கிடைத்ததா, இல்லையென்றால் காட்டில் அன்று என்ன செய்தார்கள்? “இராணுவ வாழ்க்கை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லாதான் இருந்துச்சு” என்ற ஒரே வரிதான் கிடைக்கும். பொருளையும் உடம்பையும் பற்றிக் கேளுங்கள். ரைஃபிளின் எடை, அட்டை கடித்த இடம், ஈரச் சட்டையோடு தூங்கியது. அவர் நிறுத்தினால் நீங்கள் பேசாதீர்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பின் வருவதுதான் உண்மையான விஷயம்.

“எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று யாரும் கேட்கக் கூடாது, பேரனும் கூடாது. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் உரிமை. குரல் தடுமாறினால், கை நடுங்கினால் பதிவை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றியோ நண்பர்களைப் பற்றியோ இருக்கட்டும். அன்றிரவு அவர் தனியாகப் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்ட கனவு தொடர்ந்தால் பதிவைத் தள்ளிப்போட்டு மருத்துவரைப் பார்ப்பது முக்கியம்.

பாட்டியைத் தனியாக, தாத்தா வீட்டில் இல்லாத நேரத்தில் பதிவு செய்யுங்கள். மனைவியைப் பதிவு செய்யாத தொகுப்பு பாதித் தொகுப்புதான். குடும்பக் குடியிருப்பில் இருந்தாரா, மாமியாரோடு லயத்தில் இருந்தாரா? மணியார்டர் தாமதமானால் கடைக் கணக்கை எப்படிச் சமாளித்தார்? பிள்ளைகள் எத்தனை பள்ளிக்கூடம் மாறினார்கள், தமிழ்ப் பள்ளி இல்லாத கேம்பில் யார் தமிழ் சொல்லிக்கொடுத்தது? வீட்டுக்கு வந்த மனிதர் மாறிப் போயிருந்தாரா? கணவர் அருகில் இருந்தால் இதில் பாதிக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கைக்குத் தனி அமர்வு கட்டாயம். 18-ல் சேர்ந்து ஓய்வூதியத்துக்கான 21 ஆண்டு முடித்தவர் 39 வயதில் வெளியே வருகிறார். மூத்த பிள்ளை இன்னும் பள்ளியில் இருக்கும். ஜாகா (காவலாளி) வேலையா, லோரி ஓட்டினாரா, தோட்டத்துக்கே திரும்பினாரா? 21 முடிக்காமல் வந்தவருக்குப் பொதுவாக ஓய்வூதியம் இல்லை. ஏன் முன்னதாக வந்தார் என்பதைக் குற்றம் கேட்பதுபோல் கேட்கக் கூடாது. இராணுவத்தினரின் சேமநிதியான தாபோங் ஆங்காத்தான் தெந்தெராவில் சேர்ந்த பணம் எதற்குப் போனது என்பதும் குடும்ப வரலாறுதான். சீருடையில் இருந்தபோது அவருடைய அம்மாவோ அப்பாவோ சிவப்பு ஐசியோடு (குடியுரிமை இல்லாதவருக்கான அடையாள அட்டை) இருந்தார்களா என்று கேளுங்கள். நாட்டுக்குக் காவல் நின்ற மகனும் குடியுரிமை இல்லாத தாயும் ஒரே வீட்டில் சாப்பிட்ட நிலையைச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் இல்லை. ஊரார் எப்படி நடத்தினார்கள், ஜூலை 31 வீரர் தினத்தில் யாராவது நினைத்தார்களா என்பதையும் கேட்டுவையுங்கள். கசப்பாகப் பேசினால் சமாதானம் சொல்லி மழுப்பாதீர்கள், அதுவும் பதிவில் இருக்க வேண்டியது.

எழுத்துப்படி எடுப்பது ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ஒப்பராசி (இராணுவ நடவடிக்கை), பெரெக் (படைவீரர் குடியிருப்பு) என்று மலாய் கலந்து பேசியதைச் செந்தமிழாக்காதீர்கள். அவர் குரல் போய்விடும்.

பழைய புகைப்படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பாஸ்போர்ட் அளவென்றால் 1200. பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பல்லிடுக்கு நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்தெடுக்கலாம். அப்படியும் அசையவில்லையென்றால் ஆல்பத்தோடே ஸ்கேன் செய்வது நல்லது. பூஞ்சையை ஈரத் துணியால் துடைத்தால் படமே வழண்டு வரும், காய்ந்த மென்தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். சான்றிதழை லேமினேட் செய்யவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. படத்தின் பின்புறம் பெயர் எழுத மென்பென்சில் மட்டும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, தரையிலிருந்து உயரத்தில் வைத்தால் ஈரமும் கரையானும் எட்டாது.

ஒலிக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மூலப்படியாக நினைக்காதீர்கள். குரல் செய்தியாகப் போனால் தரம் குறைந்துவிடும். மூன்று படிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்று. யார் கேட்கலாம், எந்தப் பகுதி தன் காலத்துக்குப் பிறகுதான் திறக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஐசி எண்ணும் இராணுவ எண்ணும் தெரியும் பக்கங்களை இணையத்தில் போடக் கூடாது. அவர் இரகசியம் என்று சொல்லும் பணி விவரங்களையும் வெளியிட வேண்டாம். 1972 அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவருக்கும் பொருந்தும். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ போர்ட்டிக்சன் இராணுவ அரும்பொருளகத்திடமோ கொடுக்க விரும்பினால், முதலில் கடிதம் எழுதி அவர்கள் ஏற்பார்களா, எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, படியை மட்டும் கொடுங்கள். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும்.